சிந்தாமணியின் குதிரை தூங்குகிறது

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பெரம்பலூரில் ஒரு ஸ்டேஷனரி கடையில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்காகக் கலர் களிமண் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் குதிரை செய்துவரச் சொல்லியிருந்தார்கள். அதாவது, அப்பாக்களைச் செய்துதரச் சொல்லியிருந்தார்கள். "குதிரை செய்யணும், காவிக் கலர் இருக்கா?" என்று நான் கேட்டதும், பக்கத்தில் பேனாவுக்கு ரீஃபில் போட்டுக் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா என் பக்கம் திரும்பினார்.

"குதிரையா தம்பி? செய்யுங்க. கண்ணு மட்டும் யோசிச்சு வைங்க."

இப்படி ஒரு பேச்சைக் காதில் வாங்கிவிட்டு எந்த எழுத்தாளன் நேரே வீட்டுக்குப் போவான்? நான் போகவில்லை. அந்த அம்மா அம்சவள்ளி டீச்சர். ரிட்டயராகிப் பல வருடம் ஆகிறது. எதிரே இருந்த பேக்கரியில் இரண்டு டீ ஆறிப்போகும்வரை அவர் சொன்னதுதான் இது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பச்சைமலை அடிவாரத்தில், பனி விலகாத ஒரு காலையில்—

(அடித்துவிட்டேன். மலையைக் காட்டிக் கதையை ஆரம்பிப்பது சோம்பேறித்தனம். தவிர, டீச்சர் சொன்ன நாளில் வெயில் மண்டையைப் பிளந்ததாம்.)

அடுத்து:

1979ஆம் ஆண்டு, அன்றைய திருச்சி மாவட்டத்தில், அரும்பாவூருக்கு அருகே ஓர் ஈராசிரியர் பள்ளியில்—

(கல்வி ஆபீசுக்குப் போட்ட விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. தகவல் சரிதான், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மூன்றாவது முறை டீச்சரின் விரல்களிலிருந்து தொடங்கினேன். அது நின்றது.

அம்சவள்ளி டீச்சரின் வலது கைவிரல்கள் அந்த வருடம் முழுக்க நீலமாகவே இருந்தன. வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம். மீன்சுருட்டியிலிருந்து வேலைக்கு வந்த புதிதில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கைவேலை பீரியடில் எப்படிச் சமாளிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கலர் பென்சில் ஊரிலேயே யாரிடமும் இல்லை. ஒருநாள் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, நீலத்தில் தோய்த்து, தாளில் அழுத்திப் பார்த்தார். பூவாக விழுந்தது. பிள்ளைகள் தாளில் அழுத்தினார்கள், சிலேட்டில் அழுத்தினார்கள், முன்னால் உட்கார்ந்திருந்தவன் சட்டையிலும் அழுத்தினார்கள். மறுவாரம் பூவரச இலையின் மேல் தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்க்கச் சொன்னார். நரம்பு நரம்பாக இலை எழுந்து வந்தது. அப்புறம் புளியங்கொட்டை ஒட்டி மயில், பனையோலையில் காற்றாடி, முட்டை ஓட்டில் தாத்தா முகம்.*

* முட்டை ஓடு கொண்டுவரச் சொன்ன வாரம், பிள்ளைகளின் அடம் தாங்காமல் ஊரில் பாதி வீட்டில் முட்டைக் குழம்பாம். கதைக்குள் இதற்கு இடமில்லை. விடவும் மனசு வரவில்லை.

இதை எழுதும்போது என் விரலிலும் வெண்டைக்காயின் கொழகொழப்பு ஒட்டுகிறது. நானும் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்தவன்தான். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் என் மனைவி கோபித்துக்கொள்வாள். ஆனாலும் சொல்கிறேன்.

3

பிறகு களிமண் வாரம் வந்தது. ஏரியிலிருந்து எடுத்துவந்த மண்ணை ஆளுக்கோர் உருண்டை கொடுத்து, "உங்களுக்குப் புடிச்சதைச் செய்யுங்க" என்றார் டீச்சர். பையன்கள் பஸ் செய்தார்கள். ஒருத்தி யானை செய்தாள். காசிநாதன் என்கிற பையன் உருண்டையைத் தட்டி "இட்லி டீச்சர்" என்று வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

இரண்டாம் வகுப்புச் சிந்தாமணி மட்டும் குதிரை செய்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா உத்திராபதி சாயங்காலமானால் வாசலில் மண்டிபோட்டுக் குதிரையாக நிற்பார். அவள் முதுகில் ஏறி, அவர் காதைப் பிடித்து ஓட்டுவாள். சில மாதமாக வீட்டில் குதிரை இல்லை. உத்திராபதி மாமனார் வீட்டோடு வந்து இருந்தவர். ஒருநாள் பத்துப் பேர் நடுவில் மைத்துனன் அவரை "சோத்துக்கு வந்தவன்" என்று சொல்லிவிட்டான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அன்றைக்கே எறையூருக்குப் போனவர்தான். சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்குகிற வேலை. திரும்பி வரவே இல்லை.

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. ஒரு வார்த்தைக்காகவா ஒரு மனிதன் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போவான்? குடிகாரனாக்கிவிட்டால் நம்பும்படி இருக்கும் என்று டீச்சருக்கு போன் போட்டேன். "யாரு சொன்னா உங்களுக்கு? அந்த மனுஷன் டீகூட குடிக்க மாட்டாரு. ரோஷக்காரரு, அவ்ளோதான். உங்க வசதிக்கு எழுதாதீங்க தம்பி" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். உத்திராபதி தப்பித்தார்.)

குதிரைக்கு நாலு காலும் நாலு அளவு. ஆனால் கழுத்தைச் சாய்த்து, யாரோ ஏறட்டும் என்று காத்திருக்கிற மாதிரி நின்றது. டீச்சருக்கு ஆசை தாங்கவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கொடுத்தார்.

"கண்ணு வைக்கலன்னா குருட்டுக் குதிரையாயிடும். குத்து."

சிந்தாமணி இரண்டு பக்கமும் குத்தினாள்.

"இதை பெரம்பலூர்ல நடக்குற பிள்ளைங்க கைவேலைக் கண்காட்சிக்குக் கொண்டு போவோமா? நீயும் வரணும்" என்றார் டீச்சர்.

அவள் கேட்ட முதல் கேள்வி: "எறையூர்லேருந்து பெரம்பலூருக்கு பஸ் இருக்கா டீச்சர்?"

இருந்தது. டீச்சருக்குப் புரிந்துவிட்டது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர்காரர் பாலசுந்தரத்திடம், கண்காட்சிக்கு வரும்படி உத்திராபதிக்குச் சொல்லியனுப்பினார். அவர் இரண்டு நாள் கழித்து வந்தார்.

"சொல்லிட்டேன் டீச்சர்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தலைய ஆட்டுனாரு."

"எப்படி ஆட்டுனாரு? வரேன்னா, மாட்டேன்னா?"

பாலசுந்தரம் யோசித்துப் பார்த்துவிட்டுத் தானும் ஒருமுறை தலையை ஆட்டிக் காட்டினார். அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

4

அந்தப் பக்கத்தில் அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்து வைப்பார்கள். செய்கிறபோது அதன் கண்ணைத் திறக்க மாட்டார்கள். கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, படையல் போட்ட பிறகுதான், செய்த குயவரான வேளார் கண்ணைத் திறப்பார். திறந்துவிட்டால் அது சாமியுடையது. செய்தவர்கூடத் தொட்டுத் தூக்கிவர முடியாது. மீன்சுருட்டிப் பக்கமும் குதிரை உண்டு. ஆனால் ஒரு பிள்ளை கையால் உருட்டிய சாண் உயரக் குதிரைக்கும் இதே சட்டம் என்று டீச்சர் நினைத்துப் பார்க்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு சமைக்கிற அம்மாக்கண்ணு நினைத்துப் பார்த்தாள். ஜன்னல் கட்டையில் காய்ந்த பொம்மைகளைப் பார்த்ததும் விறகைக் கீழே போட்டுவிட்டாள்.

"இந்தக் குதிரைக்குக் கண்ணத் தொறந்தது யாருங்க டீச்சர்?"

"சிந்தாமணிதான். ஏன் அக்கா?"

"பஸ்ஸு இருக்கட்டும், யான இருக்கட்டும், அந்த இட்லிகூட இருக்கட்டும். கண்ணு தொறந்த குதிரை அய்யனாருதுங்க. அத இங்க வச்சுக்கிட்டு நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

பத்த வைக்கவில்லை. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் எட்டி, சிந்தாமணியின் அம்மா முத்தாயி களைக்கொட்டோடு ஓடிவந்தாள்.

"வம்பு வேணாம் டீச்சர். பொழுதோட கோயில்ல வச்சிட்டு வந்துடுறேன். ஏற்கெனவே வூடு நல்லா இல்ல."

சுடாத மண், ஒரு மழைக்குத் தாங்காது. அதுகூடப் பரவாயில்லை. குதிரை கோயிலுக்குப் போனால் பெரம்பலூர் இல்லை. பெரம்பலூர் இல்லையென்றால் அப்பா இல்லை. இந்தக் கணக்கை டீச்சருக்கு முன்னாலேயே இரண்டாம் வகுப்பு போட்டு முடித்திருந்தது. சிந்தாமணி மிச்சமிருந்த மண்ணில் துளி கிள்ளினாள். எச்சில் தொட்டு, துவரம்பருப்பு அளவுக்குத் தட்டி, ஒரு கண்ணின் மேல் ஒட்டினாள். அப்புறம் மற்ற கண்ணில்.

"என்ன குட்டி பண்ற?" என்றாள் அம்மாக்கண்ணு.

"தூங்குது ஆயா."

"தூங்குதா?"

"ம். அப்பா வந்தாத்தான் முழிக்கும்."

அம்மாக்கண்ணு குதிரையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். முத்தாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். பிறகு விறகைப் பொறுக்கிக்கொண்டு போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

(இங்கே அம்மாக்கண்ணுவின் மனதில் ஓடியதை ஒரு பாரா எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள், போதாதா?)

5

பெரம்பலூர் கண்காட்சியில் தீக்குச்சிக் கோபுரத்துக்கு முதல் பரிசு. குதிரை முன்னால் நின்ற ஓர் அதிகாரி, "கண்ணு வைக்க மறந்துட்டியா பாப்பா?" என்று கேட்டார்.

"மறக்கல சார். தூங்குது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சிந்தாமணிக்குப் பரிசெல்லாம் பொருட்டில்லை. காலையிலேயே டீச்சரிடம் ஒரு கொண்டை ஊசி கேட்டு வாங்கிக் கையில் வைத்திருந்தாள், இமையை நெம்பி எடுக்க. வாசலில் யார் தலை தெரிந்தாலும் எழுந்து நின்றாள். சாப்பிட வா என்றால் "வந்துட்டா என்ன பண்றது டீச்சர்?" என்றாள். சாயங்காலம் மேசையெல்லாம் மடக்கினார்கள். குதிரையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தாள். அரும்பாவூர் போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"ஏறு கண்ணு" என்றார் டீச்சர்.

"செத்த நேரம் டீச்சர். எறையூர் பஸ் இன்னும் வரல."

6

இதற்கு மேல் இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

அ) எறையூர் பஸ்ஸிலிருந்து உத்திராபதி இறங்குகிறார். வேட்டியெல்லாம் கரும்புச் சோகை. மகளைப் பார்த்ததும் எதுவும் பேசாமல் பஸ் ஸ்டாண்டு மண்ணிலேயே மண்டிபோட்டு—

(ஆசையாகத்தான் இருக்கிறது.)

ஆ) பஸ் காலியாக வருகிறது. டீச்சர் குதிரையின் முதுகைத் தடவி, "தூங்கட்டும்டா, எழுப்ப வேணாம்" என்று—

(இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.)

எது நடந்தது என்று டீச்சர் அன்றைக்கு பேக்கரியிலேயே எனக்குச் சொல்லிவிட்டார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். சந்தோஷத்திலும் மனுஷர்கள் அப்படிச் செய்வதுண்டு. அதனால் அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள்.

எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அரும்பாவூர் பஸ்ஸை நிறுத்தி வைத்திருக்கிறேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி என்னை முறைக்கிறார். பயணிகள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அந்தப் பிள்ளை கேட்டது செத்த நேரம். அதைக் கொடுப்பதைத் தவிர, எழுதுகிறவனால் வேறு என்ன முடியும்?

இதோ, எறையூர் பஸ் உள்ளே திரும்புகிறது. புழுதியில் முகங்கள் தெரியவில்லை. இறங்குகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன.

சிந்தாமணி எழுந்து நிற்கிறாள். குதிரையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், பக்கத்தில் இருக்கிற உங்களிடம் கொண்டை ஊசியை நீட்டுகிறாள்.

"இத செத்த புடிங்க" என்கிறாள்.