ஆண்டாயிக்கு எழுதிய காவி

ஆண்டாயியின் இடது மார்பு சிவந்து வீங்கியிருந்தது. அபூர்வமாக வருகிற, வேகமாகப் பரவுகிற புற்றுநோய் என்று திருச்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்.

"கட்டி ஒண்ணும் இல்லீங்களே?" என்றான் புருஷன் அய்யம்பெருமாள்.

"இது கட்டியா வராதுப்பா. மூணு ஊசி போடுவோம். செவப்பு வத்தினா ஆபரேஷன். வத்தலைன்னா கத்தி வைக்க முடியாது."

அது எண்பத்து நான்காம் வருஷத்து ஆடி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இருவரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு, வேப்பந்தட்டையில் பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறித் திருச்சி போனார்கள். ஆண்டாயிக்குத் தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது. கடலைக் கொல்லையில் முக்காட்டோடு களை எடுத்தாள். மார்பைக் குனிந்து பார்க்கத்தான் துணிவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குளித்தாள்.

ஊசி மூன்றும் முடிந்து, டாக்டரம்மா பார்த்துச் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அய்யம்பெருமாள் குயவர் வீட்டுச் சம்பூர்ணத்தை அழைத்துவந்தான். தோல் சிவந்தால் அக்கி, அக்கிக்குக் குயவர் கையால் காவி எழுத வேண்டும். அந்தப் பக்கத்தில் யாருக்கும் அதில் சந்தேகம் கிடையாது.

"ஊசிதான் போட்டாச்சே," என்றாள் ஆண்டாயி.

"அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. பேசாம படு."

சம்பூர்ணம் கோழி இறகைச் செங்காவிக் குழம்பில் தோய்த்து மார்பு நெடுக, அக்கியை விரட்டும் சிங்கங்களை எழுதிவிட்டுப் போனாள்.

மறுநாள் பஸ் நெரிசலில் சிங்கங்கள் வியர்வையில் கரைந்தன. ரவிக்கையை விலக்கிய டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. மார்பு முழுக்க ஒரே சிவப்பு.

நர்ஸ் தெரசம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தாள். "டாக்டர், இது காவி. எங்க ஏலாக்குறிச்சிப் பக்கமும் எழுதுவாங்க. இந்தா, ஒண்ணு இன்னும் வாலோட நிக்குது."

"அழிக்காதீங்கம்மா, அக்கி ஏறிரும்," என்றான் அய்யம்பெருமாள், திரைக்கு வெளியிலிருந்து.

"நீங்க அங்கயே நில்லுங்க," என்றாள் தெரசம்மாள்.

எண்ணெய்ப் பஞ்சால் காவியைத் துடைத்தாள். டாக்டரம்மாவின் விரல்கள் மார்பில் அழுத்தி நகர்ந்து, அக்குள் வரை போய்த் திரும்பின. ஆண்டாயி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"குனிஞ்சு பாரு, ஆண்டாயி."

பார்த்தாள். மற்ற மார்பின் மாநிறம்தான். ஓரத்தில் மட்டும் ரூபாய்க் காசளவு சிவப்பு.

"இதுவும் காவிங்களா?"

"இல்ல, நோயோட மிச்சம். ஆனா இப்ப கத்தி வைக்கலாம். அப்புறம் கரண்ட் வைக்கணும், அதான் கதிர் சிகிச்சை; ஊசியும் இருக்கு."

"மார எடுத்துருவீங்களா?"

"எடுக்கணும்மா."

"எடுத்துருங்க," என்றாள் ஆண்டாயி, டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள்.

அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்தார்கள். "எழுதினது வீண் போகல," என்றான் அய்யம்பெருமாள். தெரசம்மாள் சண்டைக்குப் போகவில்லை. "புதன்கிழமை வரைக்கும் ஒண்ணும் எழுதாம கூட்டிட்டு வாங்க, போதும்."

திரும்பும் பஸ்ஸில், பெரம்பலூரில் இறங்குவதற்கு ஆண்டாயியை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. ஆடிக்குப் பிறகு அவள் அப்படித் தூங்கியதில்லை.