கம்பியின் உயரம்

சந்தைக்குள் நுழையும்போதே சயாத் இடக்கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். அந்தக் கை தானாகப் போகாது. வலக்கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். ரௌஷான் அதைக் கவனிக்காதவள்போல ஊறுகாய்க்காரியிடம் வெள்ளரிக்காய் விலை கேட்டுக்கொண்டு நின்றாள். மார்ச் மாதப் பனி உருகி, நிலக்கரி ஊரான கரகந்தாவின் சந்தை முழுக்கக் கரிச்சேறாகக் கிடந்தது.

கிடார் யோசனை டாக்டரம்மாவுடையது. "சும்மா ரப்பர் பந்தை அமுக்கிட்டிருந்தா அலுத்துடும். ஆசையாச் செய்யுற வேலையா இருந்தா விரல் சீக்கிரம் திரும்பும்" என்று அவர் சொல்லப்போக, இளவட்டத்தில் குடியிருப்பு முற்றத்து பெஞ்சில் கிடார் வாசித்தவர்களைப் பார்த்து மனுஷன் ஏங்கிய ஏக்கமெல்லாம் வெளியே வந்துவிட்டது. வீட்டுச் சுவரில் அவர் அப்பாவின் டோம்ப்ரா தொங்குகிறதே, அதை வாசித்தால் என்ன என்று ரௌஷான் கேட்டுப் பார்த்தாள். "அதுல ரெண்டே கம்பி. விரலுக்கு வேலை பத்தாது" என்றார். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அவர் அதை இறக்கிப் பார்த்தாயிற்று என்பது அவளுக்குத் தெரியும். அன்று அவள் திரும்பி வந்தபோது டோம்ப்ரா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தொங்கியது. ஏப்ரலில் மருத்துவக் குழு அவரைப் பார்க்கும். இடக்கை ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பழையபடி பஸ் ஓட்டலாம். பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் ஜன்னலோர நாற்காலிதான். பக்கவாதத்தைவிட அந்த நாற்காலிக்குத்தான் அவர் பயந்தார்.

கம்பளிப் பூட்ஸ் கடைக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவே லூபாவின் கடை. அக்கார்டியன்களுக்கு மேலே கிடார்கள் வரிசையாகத் தொங்கின.

"முதல் கிடாரா? யாருக்கு, பேரனுக்கா?" என்றாள் லூபா.

"எனக்குத்தான்."

"அடேயப்பா! இந்த வயசுல யாரை மயக்கப் போறீங்க?"

"இவளைத்தான். முப்பது வருஷமா மசிய மாட்டேங்கிறா."

லூபா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகுதான் பைக்குள் இருந்த கையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கேலி பேசவில்லை.

முதல் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கை விரலை வலக்கையால் எடுத்துக் கம்பிமேல் வைத்தார். அமுக்கினார். வலக்கையால் மீட்டினால் 'டொக்'. கழுத்து தடிமன் என்றார். இரண்டாவதில் கம்பி அறுக்கிறது என்றார். ரௌஷானும் ஆமாம் ஆமாம் என்றாள். லூபா இன்னொன்றை இறக்கினாள்.

"இது நைலான் கம்பி, வெண்ணெய் மாதிரி அமுங்கும். கத்துக்குட்டிக்கு இந்த விலைக்கு இதுக்கு மேல எங்கயும் கெடைக்காது."

அமுக்கினார். நெற்றி நரம்பு புடைத்தது. 'டொக்.'

"இதுவும் கோளாறுதான் போல. எங்க, குடுங்க பாப்போம்" என்று ரௌஷான் குனிந்து ஒரு விரலை வைத்தாள். பிறந்ததிலிருந்து கிடாரைத் தொட்டறியாதவள். 'டிங்' என்று ஒலி எழும்பி அந்தச் சின்னக் கடை முழுக்க நின்றது.

பாவி மகள்! தப்பாகப் பேசிவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம், விரலை என்ன செய்வது? அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சயாத் கிடாரை மெதுவாக லூபாவிடம் நீட்டிவிட்டு, அண்ணாந்து பார்த்தார்.

"அந்தச் செவப்பு. அதை இறக்குங்க."

"ஐயோ, அது வேணாங்க! வெறும் ஒட்டுப்பலகை. கம்பி எவ்வளவு உயரத்துல நிக்குது பாருங்க. என்னாலயே அமுக்க முடியாது." அமுக்கியும் காட்டினாள். 'டொக்.'

சயாத்தின் முகம் தெளிந்தது. "இதையே குடுங்க" என்றார்.

ரௌஷானுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் பர்ஸைத் திறந்தாள். ஒரு கட்டு வெங்காயத்தாளுக்கே பேரம் பேசுகிறவள், கேட்டதைக் கொடுத்துவிட்டு அந்தச் சிவப்புக் கிடாரைத் தானே சுமந்துகொண்டு நடந்தாள்.

அதற்கப்புறம் வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தினமும் காலையில் உட்கார்ந்து 'டொக் டொக்' என்று தட்டுவார். "சனியன் பிடிச்ச கிடார்" என்று திட்டுவார். திட்டிவிட்டு வயிறார ரொட்டி தின்பார். ரௌஷானும் கூடச் சேர்ந்து கிடாரைத் திட்டினாள். அது பாட்டுக்கு இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தோலெகென் வந்தான். பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை பார்ப்பவன், சயாத்துக்குச் சமவயதுக்காரன். வந்ததும் கிடாரை எடுத்து அமுக்கிப் பார்த்தான்.

"யாருடா இதை உன் தலையில கட்டுனது? என்னாலயே முடியலையேடா!"

சயாத் சிரித்தார். முகத்தின் வலப்பாதி மட்டும்தான் சிரித்தது, ஆனாலும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கேட்டியா ரௌஷான்? கிடார்தான்! நான் அப்பவே சொல்லலை?"

"ஆமாங்க, கிடார்தான்" என்று எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைத் தட்டை மேஜையில் வைத்தாள். சந்தோஷத்தில் தட்டு நிரம்பி நாலைந்து உருண்டைகள் கீழே உருண்டன.

தோலெகென் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புதுச் சாமானைப் பாக்க வெறுங்கையோட வந்துட்டேனே. இரு, இதுதான் உனக்கு என் பைகாஸி" என்று எதிர்வீட்டுக்கு ஓடி அரம் எடுத்து வந்தான். புதுப் பொருளைப் பார்க்கிறவன் கொடுக்கும் பைகாஸியை வேண்டாமென்று சொன்ன வீட்டை அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"டீ ஆறிடும், அப்புறம் பாத்துக்கலாமே" என்றாள் ரௌஷான்.

"அஞ்சே நிமிஷம் அண்ணி."

"விட்றா. புதுசுல போய்க் கை வைக்காதே" என்றார் சயாத்.

"புதுசுக்குத்தானேடா பைகாஸி!"

கம்பிகளைத் தளர்த்தினான். அவை ஏறி நிற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டை உருவி, அடிப்பக்கத்தை அராவினான். வெள்ளைத் தூள் மேஜைவிரிப்பில் கொட்டியது. துண்டைத் திரும்பப் பொருத்தி முறுக்கேற்றியதும் கம்பிகள் மரத்தை ஒட்டிப் படிந்தன. ஒரு விரலால் லேசாகத் தொட்டு மீட்டினான். கிடார் கணீரென்று ஒலித்தது.

"இந்தா. இப்பப் பச்சப்புள்ள தொட்டாக்கூடப் பாடும்."

கிடாரை நீட்டினான். சயாத் வாங்கவில்லை.

"பிடிடா, கை வலிக்குது."

மேஜைக்கடியில், சயாத்தின் வலக்கை, சுருண்டு கிடந்த இடக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது.