புது ஓடு போட்ட பாதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிளம் கேக்கில் பிறந்தது. ஜெர்மனியின் துரிங்கியாவில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு சட்டம் உண்டு: மூத்தவர் வெட்டவேண்டும், இளையவர் முதலில் எடுக்கவேண்டும். நாத்தனார் ரெனாட்டே பத்தொன்பது வருடமாக வெட்டுகிறாள். நானும் ஏமாந்து, தவறாமல் சின்னத் துண்டையே எடுத்துவந்தேன். போன ஞாயிறு முதல்முறையாக ஜெயித்தேன். ஜெயித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(சட்டம் கேக்குக்காக வந்ததல்ல. இங்கே பிரபுக் குடும்பங்கள் நாட்டையே இப்படித்தான் பங்கு போட்டன. அண்ணன் கோடு கிழிப்பான், தம்பி தன் பாதியை எடுப்பான். பேரன் காலத்தில் மறுபடியும் ஒரு கோடு. போகப்போக, காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் நடந்தே கடந்துவிடக்கூடிய நாடுகள் வந்தன.)

2

1541 இலையுதிர்காலத்தில், விதவை ஓடிலியா கண்ணீர் வழிய, கோட்டைப் படிகளில்

வேண்டாம். அவள் அழுகிறவள் இல்லை. நேற்று மூன்று பக்கம் அழவைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.

நடந்தது இதுதான். எஷன்ரோட என்ற நாட்டின் (வரைபடத்தில் தேடாதீர்கள், என் நாடு) இளைய பிரபு இறந்துபோனான். கைக்குழந்தை ஹோயருக்காகப் பங்கை எடுக்கவேண்டியவள் அவன் மனைவி ஓடிலியா. கோடு கிழித்தவர் கணவனின் அண்ணன் வோல்ராட். மேல்பாதியில் கோட்டை, வேட்டைக்காடு, குடும்பப் பெயர். கீழ்பாதியில் மூன்று சேற்று ஊர்கள், ஒரு உப்பு ஊற்று, ஒரு தாழ்வான வீடு. ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். தவறினால் ஹோயர் வெறும் பெயரை வைத்துக்கொண்டு வளர்ந்து, கடைசியில் அதையும் பெரியப்பாவிடமே விற்பான்.

3

கூடத்தில் சாட்சிகளாக ஒன்பது கிழட்டு வீரர்கள். வோல்ராட் அன்றைக்குத் தேனாகப் பேசினார்.

"சமமாத்தான் பிரிச்சிருக்கேன், சத்தியமா. நீயே எடும்மா. ஆனா அந்தச் சேத்துல போய் என்ன பண்ணப்போற? புள்ளைக்குக் கோட்டை வேணாமா?"

"ரொம்ப நல்ல மனசு அத்தான் உங்களுக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நேத்து கீழ போனப்ப பாத்தேன். கீழ்வீட்டுக் கூரை புதுசா மின்னுதே, யாருக்காக ஓடு மாத்துனீங்க?"

"அது... மழைக்கு ஒழுகுச்சு."

"கோட்டையுந்தான் ஒழுகுது. போன வருஷம் புருஷன் கட்டிலைச் சுத்தி ஏழு சட்டி வச்சேன். அப்ப ஒரு ஓடுகூட மாத்தலையே நீங்க!"

ஒரு கிழவர் சிரிப்பை அடக்கமுடியாமல் மேசையைத் தட்டினார். அடுத்தவரும் தட்டினார். மேசையே அதிர்ந்தது.

"கீழ்பாதி எனக்கு," என்றாள் ஓடிலியா. "எழுதிக்குங்க."

வோல்ராட் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. (ஆறு வாக்கியம் எழுதினேன். ஆனந்தமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

இந்தக் கூரை என் கற்பனை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறன்று ரெனாட்டே கேக்கை வெட்டிவிட்டு, தன்னை அறியாமல் முள்கரண்டியை ஒரு துண்டின் பக்கம் வைத்தாள். நான் அந்தத் துண்டை எடுத்தேன். "அடிப்பாவி!" என்றாள். பத்தொன்பது வருடத்தில் நான் கேட்ட இனிமையான சொல் அதுதான்.

4

இனி முடிவு. எழுதியவள் நான், ஆகவே மூத்தவளும் நான்தான். பிரிக்கிறேன்.

ஒரு பாதி: மூன்று குளிர்காலம் கழித்து, பன்றி அறுத்து இறைச்சியை உப்பிட்டு வைக்கும் மாதத்தில், வோல்ராட் வண்டியோடு உப்புக் கேட்டு வருகிறார். ஓடிலியா அவரை அடுப்பருகே உட்காரவைத்து, சூடான பீர் ஊற்றிக் கொடுத்து, "கோட்டை இன்னும் ஒழுகுதா அத்தான்?" என்று கேட்கிறாள்.

மறு பாதி: இருபத்திரண்டு வயதில் ஹோயர் கோட்டையை விலைக்கு வாங்குகிறான். அம்மாவுக்காக முதலில் கூரையை மாற்றுகிறான்.

எடுப்பது உங்கள் உரிமை. சமமாகத்தான் பிரித்திருக்கிறேன், சத்தியமாக. ஆனால் என் பேச்சை நம்பாதீர்கள், கூரையைப் பாருங்கள்.