முழங்கால் உயரக் கோடு

வாடகை எவ்வளவு என்று கேட்டதுமே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பெருநகரத்தில் இத்தனை நாள் கொடுத்துவந்ததில் பாதிதான். அதற்கு இரண்டு அறை, தனிக் குளியலறை, இரண்டு பக்கமும் ஜன்னல். பெருநகரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன நகரத்தை ரயிலில் கடந்து போகிறவர்கள் தலை தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. இருந்தாலும் இப்படி ஒரு வீடு ஏன் சும்மா கிடக்கிறது?

"மலிவா கிடைச்சா சந்தேகம், கிடைக்கலன்னா புலம்பல். உனக்கு என்னதான் வேணும்?" என்றான் கணவன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்றுவிட்டு வருகிறவனுக்கு ஜன்னல் இருந்தால் போதும், அரண்மனைதான்.

குடிவந்த மறுநாள் காரணம் கண்ணில் பட்டது. தெருவில் எல்லா வீட்டு முன்சுவரிலும் முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. வெள்ளம் வந்து வடிந்த தடம். அவளுக்குப் பகீரென்றது. கையிலிருந்ததெல்லாம் அட்வான்ஸுக்குப் போய்விட்டது. இந்த வீடும் இல்லையென்றால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் கேட்டாள். "கடைசியா எப்ப தண்ணி வந்துச்சுங்க?"

"அது வரும்போது வரும்மா" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

எதிர்வீட்டு அம்மாள் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே ஓடினாள். சாயங்காலம் வரை அந்தப் பால் பொங்கவில்லை போலிருக்கிறது, ஆளையே காணோம். ஆக, தெருவே சேர்ந்து எதையோ மூடி மறைக்கிறது. ஏமாந்த சோணகிரி என்று நம்மைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள் என்று அவள் பொருமினாள்.

அவள் வேலை பெருநகரத்தில், பல் செட் செய்யும் லேபில். புத்தம்புதுப் பல்லை வெள்ளை வெளேரென்று கொடுத்தால் பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஈறோரம் லேசாகப் பழுப்பைத் தீற்றி, சூளையில் சுட்டுக் கொடுத்தால்தான் நிஜப்பல். நாள் முழுக்கக் கறை போடுகிறவள் அந்தச் சுவர்க் கறையை எத்தனை நாள்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை குனிந்து உற்றுப் பார்த்தாள். மரக்கதவின் அடி ஊறவே இல்லை. போன மாதம், அவள் கண் முன்னால் மாட்டிய புதுக் குழாயின் மேலும் கோடு ஓடியது. விரலால் தேய்த்தாள். பெயின்ட்.

நிமிர்ந்தால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கையில் டப்பாவும் ஸ்பாஞ்சும்.

"கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார். ரயிலில் அடுத்த ஸ்டேஷனைச் சொன்னார். அங்கே சுவருக்கெல்லாம் வர்ணம் அடித்தார்களாம், காபிக் கடை வந்ததாம், பின்னாலேயே வாடகை ஏறி இருந்தவர்களையெல்லாம் துரத்திவிட்டதாம். அவரும் அப்படித் துரத்தப்பட்டவர்தான். "இங்க வீட்டுக்காரங்க எல்லாம் தூரத்துல இருக்காங்க. எப்பவாவது வந்து கோட்டைப் பாத்துட்டு, ஆள் குடியிருக்கிறதே பெரிசுன்னு வாடகையை ஏத்தாம போயிடுறாங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?"

கேட்ட குரல் கெஞ்சலா மிரட்டலா என்று அவளுக்குப் புரியவில்லை. சொல்லமாட்டேன் என்றாள். சந்தேகம் மட்டும் போகவில்லை, திசை மாறிக்கொண்டது. இப்போது தெருவில் புதிதாக யார் நின்று சுவரைப் பார்த்தாலும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அப்படியிருக்க, அக்காவும் அத்தானும் வந்து நின்றார்கள். அம்மா போனபின் அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய அக்கா. அவர்களுக்கும் வாடகை கழுத்தை நெரிக்கிறது. எதிர்வரிசையில் ஒரு வீடு காலியாக இருப்பதை அக்கா வரும்போதே பார்த்துவிட்டாள். ஆனால் அத்தான் வீட்டுப் புரோக்கர். அவர் காதில் போட்டால் ஊர் காதில் போட்ட மாதிரி.

"என்னடி இது, தண்ணி வருமா?" என்றாள் அக்கா, கோட்டைக் காட்டி.

எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வாசலில் எதையோ திருகுவது போல் நின்றார்.

"வரும்க்கா. ஒவ்வொரு மழைக்கும், வீட்டுக்குள்ளயே."

அத்தான் உதட்டைப் பிதுக்கினார். அக்காவுக்குக் கண் கலங்கியது. "ஏன்டி என்கிட்ட சொல்லல? எங்க வீட்டுக்கு வந்துடுங்க. இருக்கிற இடத்துல நெருக்கிப் படுத்துக்கலாம்."

அவர்கள் போனபிறகு மெக்கானிக், "நல்லா சொன்னீங்க" என்றார். அவளுக்கு அவரை அறையலாம் போலிருந்தது. தன்னை அறைவதற்குப் பதிலாக.

அடுத்த வாரம் நல்ல மழை. லேபில் ஒரு முன்பல்லுக்குக் கறை தீற்றிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"அங்க எப்படிடி இருக்கு?"

"ஏறிடுச்சுக்கா" என்றாள், தூரிகையை வைக்காமலே. "காலைல நான் கிளம்பும்போதே முழங்கால் வரைக்கும். சாமானெல்லாம் கட்டில் மேல ஏத்திட்டு வந்தேன்."

அந்தப் பக்கம் எதையோ தரையில் ணங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது.

"தண்ணி இறைக்க ஆள் வேணுமேன்னு வாளியைத் தூக்கிட்டு வந்தேன்டி" என்றாள் அக்கா. "உன் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். தெருவுல கணுக்காலுக்குக்கூடத் தண்ணி இல்ல."