மத்தியானமாகிப் போன மலை

அந்தக் கடையில் அவளுக்குப் பெயர் பாஸ்போர்ட். சேர்ந்த நாள் முதலாய் பாஸ்போர்ட் அளவுப் படங்களை எடுத்து, வெட்டி, கவரில் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. பெயர் வைத்தவர் முதலாளியின் மச்சான். கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளிச் சூடு காட்டுகிறவர் அவர். பதிலுக்கு அவள் அவருக்கு லேமினேஷன் என்று பெயர் வைத்திருந்தாள், மனதுக்குள் மட்டும்.

உள்ளறைக்குப் புதிதாக வந்திருந்த பெரிய பிரிண்டரின் மேல் அவளுக்கு ஒரு கண். ஓவியங்களைத் தடித்த பருத்திக் காகிதத்தில் அசல் போலவே அச்சடிக்கும் எந்திரம் அது.

"இந்த ஒரு வேலைய செஞ்சு காட்டு. நல்லா வந்தா மெஷின் உன் பொறுப்பு. சொதப்பினா மறுபடி போட்டோ கவுண்டர்தான்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வேலை கொடுத்தவர்கள் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும். புதிதாகக் குடிபோன வீட்டில் கூடத்து ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர் மூக்கில் இடிக்கிறதாம். சுவரைப் பார்த்துச் சலித்த அந்த அம்மா, எதிர்ப்பக்கம் ஒரு மலையை மாட்டிவிடுவது என்று முடிவு கட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தாள். மேகத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும் சிகரம். அதன் காலடியில் ஏரி.

கணினியில் அந்தப் படத்தைத் திறந்ததுமே பாஸ்போர்ட்டுக்குக் குழப்பம். சிகரத்துப் பனி வெள்ளையாக இல்லை. மாதுளை முத்துகளைக் கழுவிய தண்ணீரை அதன்மேல் ஊற்றியதுபோல் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அழகாயிருப்பது சரியாயிருப்பதாகிவிடுமா? பழைய ஓவியம், மேல்பூச்சு மங்கிப்போயிருக்கலாம். படம் பிடித்தவரின் விளக்கில் கோளாறிருக்கலாம். தன் கண்ணிலேயே கோளாறிருக்கலாம். முதலாளியைக் கூப்பிட்டாள்.

"பனி இந்த நிறத்துலயா சார் இருக்கும்?"

"நான் என்னத்தக் கண்டேன், பனிய சினிமாவுல பார்த்ததோட சரி. மச்சான், நீ பார்த்திருக்கியா?"

"தினமும் பார்க்கிறேனே" என்றார் லேமினேஷன். "நம்ம ஃப்ரீசர்ல."

மூன்று பேரும் போய்ப் பின்கட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார்கள். சாப்பாட்டு டப்பாக்களுக்கு மேலே, ஃப்ரீசர் முழுக்கப் பனி அப்பியிருந்தது. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வைரம் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"வெள்ளை."

"சுத்த வெள்ளை" என்று மச்சானும் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் என்ன? எத்தனையோ பேரின் முகத்துக்குப் பின்னால் மஞ்சளடித்த சுவரை வெளுத்த கை அவளுடையது. நாலு சொடுக்கில் மலை பளிச்சென்று வெளுத்தது. அச்சடித்துச் சுவரில் மாட்டினார்கள். சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருந்தது. அவளுக்கு மட்டும் உள்ளே ஏதோ நெருடியது. வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் தம்பதி வந்தார்கள். அந்த அம்மா படத்தின் முன் நின்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"இது மத்தியானமாயிருச்சே" என்றாள்.

"என்னம்மா சொல்றீங்க?"

"நான் கேட்டது சாயங்காலம். இவரு இருட்டுல கிளம்பி இருட்டுல வர்ற ஆளு, இன்னைக்குத்தான் லீவு போட்டாரு. வீட்டுல சாயங்காலம் எப்படியிருக்கும்னே தெரியாது. அதான் ஒண்ணு வாங்கி மாட்டலாம்னு பார்த்தேன்." போனை நீட்டினாள். அதில் சிகரம் சிவந்திருந்தது.

"பனின்னா வெள்ளைதானேம்மா. நாங்க செக் பண்ணித்தான் போட்டோம்" என்றார் முதலாளி.

"எங்க செக் பண்ணீங்க?"

"ஃப்ரிட்ஜுல" என்றார் லேமினேஷன்.

அதுவரை தூணாக நின்ற டிரைவர், தோள் குலுங்கச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையில் போட்டோ கவுண்டர் தெரிந்தது.

அவளுக்குத் திடீரென்று பொறி தட்டியது. ஃப்ரீசர் பனிமேல் விழுவது பின்கட்டு டியூப்லைட் வெளிச்சம். மலையில் ஏது டியூப்லைட்? பின்கட்டுக்கு ஓடினாள். பனி அப்பிய ஐஸ் தட்டை உருவிக்கொண்டு, அத்தனை பேரையும் தாண்டித் தெருவுக்குப் போனாள். தெருக்கோடியில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

"சார், இங்க வந்து பாருங்க."

பனி சிவந்திருந்தது. ஓரமெல்லாம் மாதுளை நிறம்.

முதலாளி தட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். அதற்குள் அது உருகி அவள் முழங்கை வழியே சொட்ட ஆரம்பித்தது.

"அந்த ஓவியர் நம்மள மாதிரி ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து வரையல சார்" என்றாள். "நேர்ல நின்னு பார்த்திருக்காரு. வெளுத்தப்பவே எனக்கு ஏதோ நெருடுச்சு. சொல்லத்தான் தைரியம் வரல. நிறத்தைத் தொடாம இன்னொண்ணு போடட்டுமா?"

"கேட்டுக்கிட்டு நிக்கிறியே. போடு."

எல்லோரும் எந்திரத்தைச் சூழ்ந்து நின்றார்கள். அது அவசரப்படாமல் இடமும் வலமுமாகப் போய்வந்து, கோடு கோடாக வானத்தை இறக்கியது. பிறகு மேகம். சிகரத்தின் நுனி சிவப்பாக எட்டிப்பார்த்ததும் அந்த அம்மா கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க, உங்களுக்குப் பொழுது சாயுது" என்றாள்.

"ம்" என்றார் டிரைவர். கண்ணை எடுக்கவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "மச்சான், நாளையிலிருந்து போட்டோ கவுண்டர்ல நீ உட்காரு."

"நானா? எனக்கு வர்றவங்கள சிரிக்கச் சொல்லத்தான் தெரியும்."

"பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது."

"அப்ப அது என்ன பொழப்பு?"

அவள் காதில் இதெல்லாம் அரைகுறையாகத்தான் விழுந்தது. ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, காகிதத்தின் மேல் குனிந்திருந்தாள். ஏரி வரத் தொடங்கியிருந்தது.