உதடு ஒட்டாத சொல்

அந்தக் காலத்துப் படத்தில் சித்தி என்றாலே கையில் சூட்டுக்கோலோடுதான் வருவாள். இப்போது வருகிற படங்களில் அவளும் மனுஷியாகிவிட்டாள். திட்டுகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அழுகிறாள். வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதும் நம்ம வசனக்காரிக்கு இதைப் பார்த்தால் ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். படத்தில் இரண்டு மணி நேரத்தில் பிள்ளை ஒட்டிக்கொள்கிறது! இவள் கல்யாணமாகி வந்து நாலு வருஷம், கணவரின் மகள் இன்னும் எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "அப்பா வரச் சொன்னாங்க", அவ்வளவுதான். தாயைப் பறிகொடுத்த பிள்ளையை வற்புறுத்த மனசு வரவில்லை. ஆனாலும் ஏக்கம் ஏக்கம்தானே.

அன்று படத்துச் சிறுமிக்குக் குரல் கொடுக்க வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "உங்க வீட்டுப் பொண்ணக் கூட்டிட்டு வாங்களேன்," என்றார் ஒலிப்பதிவாளர். மகளுக்குப் பதினோரு வயசு, கொஞ்சமும் பயப்படாமல் போய் மைக் முன்னால் நின்றாள். வசனக்காரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஹெட்போன் மாட்டிய ஒலிப்பதிவாளர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆற்றில் தவறி விழுந்த சிறுமி, கரையில் நிற்கும் சித்தியைப் பேர் சொல்லி அலறும் காட்சி. மூலப் படத்தில் அது உதடு ஒட்டவே ஒட்டாத பேர்; தமிழும் அந்த வாயசைவுக்குப் பொருந்த வேண்டும். அதனால்தான் வசனக்காரி "சித்தி!" என்று எழுதியிருந்தாள். அதைச் சொல்லவும் உதடு ஒட்ட வேண்டாம்.

பெண் அலறினாள்.

"வாயசைவு பொருந்தல பாப்பா. இன்னொரு தடவ."

மறுபடி அலறினாள். மறுபடியும் பொருந்தவில்லை. மூன்றாவது தடவை ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தாள்ல இருக்கறத அப்படியே சொல்லும்மா. சித்தி."

"அதத்தானே சொல்றேன்!" பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீயே கேளு," என்று பதிவை எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்.

"அம்மா!"

மூன்று தடவையும் அதேதான். வசனக்காரிக்கு மேலெல்லாம் புல்லரித்துப் போயிற்று. அடேயப்பா, இத்தனை வருஷம் எழுதியும் இப்படி ஒரு சொல் தன் கைக்கு வந்ததில்லையே! உடனே தன்னையே அதட்டிக்கொண்டாள்: தண்ணீரில் விழுந்தால் யாரும் அப்படித்தான் கத்துவார்கள், பிள்ளை தன்னைப் பெற்றவளைக் கூப்பிட்டிருக்கும், நீ ஏன் துள்ளுகிறாய்?

காதுமடல் சிவக்க நின்ற பெண் மைக்கில் முணுமுணுத்தாள். "திரையப் பாக்காம, கண்ணாடி வழியா உங்களயே பாத்துக் கத்திட்டேன். அதான் தப்பாயிடுச்சு."

வசனக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதீங்க," என்றாள் பெண். "படத்துக்கு மட்டும் சித்தின்னு சொல்லிடறேன்."