மூன்று மீட்டர் அனுமதி

மேஸ்திரியம்மாவின் மகளுக்கு ஏழு வயதில் நூற்று எண்பது கிலோ எடை. பார்க்க ஒல்லிக்குச்சிதான். மூடிக் கிடந்த பேட்டரித் தொழிற்சாலையை ஒட்டிய வரிசை வீடுகளில் பிறந்தவள். தவழ்ந்தது, விளையாடியது, வாயில் போட்டுக்கொண்டது எல்லாம் அந்த ஈய மண்தான். ஐந்து வயதில் கட்டில் கால் ஒடிந்தது. ஏழில், வாசலில் நின்று நாலு வார்த்தை பேசினால் கணுக்கால்வரை தரையில் இறங்கிவிடுவாள். தெருவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அவளோடு பேச வருகிறவர்கள் அவளை நிற்க வைக்க ஒரு பலகையையும் கையோடு கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். மருத்துவர் மட்டும், பத்து வயதுக்குள் அந்த மண்ணை மாற்றாவிட்டால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்றார்.

அந்த வருடம்தான் அரசாங்கம் திட்டத்தை அறிவித்தது. கைவிடப்பட்ட ஆலை நிலங்களில் நஞ்சேறிய மண்ணை அள்ளிவிட்டு, நல்ல மண் நிரப்பி, வீடு கட்ட மானியம். மண் மாதிரி எடுக்க அதிகாரி வருகிறார் என்றதும் மேஸ்திரியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆலையில் இருபது வருடம் துப்புரவு மேஸ்திரியாக இருந்தவள். ஆய்வுக்கு ஆள் வந்தால் முதல் நாளே கறை தெரியும் இடமெல்லாம் ஆற்று மணலைப் பரப்பிவிட வேண்டும் என்பது அவள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். தெருவையே திரட்டிப் பத்து வண்டி மணல் அடித்து, தண்ணீர் தெளித்து, தட்டிச் சமன் செய்தாள். அழுக்கைக் காட்டினால்தான் மானியம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மண் சுத்தமாக இருப்பதால் உதவி தேவையில்லை என்று கடிதம் வந்தது.

தன் பிள்ளைக்குத் தானே குழி பறித்துவிட்டதாகத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மறு ஆய்வு கேட்டு நான்கு வருடம் அலுவலகப் படி ஏறி இறங்கினாள்; நடந்ததைச் சொன்னாள், காலில் விழுந்தாள். அதற்குள் மகள் முழங்கால், இடுப்பு, கழுத்து என்று இறங்கி, ஒரு மழைக்காலத்தில் தலையும் மறையப் புதைந்தாள். மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. குரல் தெளிவாகவே வந்தது.

ஒருவழியாக மறு ஆய்வு நடந்து, மானியம் வந்து இயந்திரங்கள் தோண்டியபோது மகள் நான்கு மீட்டர் ஆழத்தில் இருந்தாள். மூன்றாவது மீட்டரில் இயந்திரங்கள் நின்றன.

"இன்னும் ஒரே ஒரு மீட்டர் சார்," என்றாள் மேஸ்திரியம்மா.

"மூணு மீட்டருக்குத்தாம்மா அனுமதி. அதுக்குக் கீழ இருக்கறது திட்டத்துல வராது," என்றார் பொறியாளர். கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியது.

அவள் பள்ளத்தில் இறங்கி வெறும் கையால் தோண்டினாள். அவள் ஒரு சாண் தோண்டினால் மகள் ஒரு சாண் இறங்கினாள்.

"விடும்மா," என்றது கீழிருந்து குரல். "உன் நகமெல்லாம் போயிடும்."

மறுநாள் பள்ளத்தை நிரப்பும் முன், பொறியாளர் யாருக்கும் சொல்லாமல் அந்த இடத்தில் ஓர் இரும்புக் குழாயை நட்டுவிட்டுப் போனார். மேலே நல்ல மண் விழுந்தது, அடுக்கு வீடுகள் எழுந்தன. மேஸ்திரியம்மாவுக்கு மூன்றாம் மாடி ஒதுக்கினார்கள். குழாய் இருந்த தரைத்தள வீட்டுக்காரரிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டாள். இந்த வருடம் மகள் பதினாறு மீட்டர் ஆழத்தில் இருப்பாள் என்கிறார்கள். காலையில் எழுந்ததும் மேஸ்திரியம்மா சமையலறைத் தரையில் குழாயின் வாயருகே குனிந்து, முழிச்சிட்டியா என்று கேட்கிறாள். பதில் மேலே வந்துசேர இப்போதெல்லாம் கால் மணி நேரமாகிறது. அதற்குள் அவள் பாத்திரம் துலக்கி முடித்துவிடுவாள்.